தரிசனம் முடிந்தது... இறங்க வேண்டுமே!

பர்வதமலைக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 'ஏறிட்டேன்' என்று பெருமையாகச் சொல்வார்கள். 'எப்படி இறங்கினீங்க?' என்று கேட்டால், முழங்காலைத் தடவிக்கொண்டே சிரிப்பார்கள்!

திருவண்ணாமலை மாவட்டம், தென்மாதிமங்கலத்தை அடுத்து சுமார் 4,500 அடி உயரத்தில் நிற்கிறது பர்வதமலை. உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும் அருள்பாலிக்கிறார்கள். முதலில் படிகள், அப்புறம் கரடுமுரடான கற்பாதை, கடைசியில் செங்குத்துப் பாறையில் கடப்பாறைப் படி, ஏணி, சங்கிலி.

ஏறும்போது பயம் இருக்கிறது; பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிறோம். தரிசனம் ஆனதும் மனசு நிறைந்துவிடுகிறது. 'இருட்டுறதுக்குள்ளே கீழே போயிடணும்' என்ற அவசரம் வேறு. ஆனால் கால்களோ களைத்துப் போயிருக்கின்றன. வழுக்குவதும், கணுக்கால் பிசகுவதும் இந்த நேரத்தில்தான்.

ஏன் இந்த வலி?

ஏறும்போது தொடைத் தசைகள் உடம்பை மேலே தள்ளுகின்றன. இறங்கும்போது அவைதான் பிரேக்! உடம்பு சரியாமல் பிடித்துக்கொண்டே அவை நீள வேண்டியிருக்கிறது. அதனால் தசை நார்களில் நுண்ணிய காயம் உண்டாகிறது. வலி அன்றைக்கே முழுதாகத் தெரியாது. இரண்டாம் நாள்தான் எழுந்திருக்கவே விடாது. சாதாரணப் படியில் இறங்கும்போதே முழங்கால் மூட்டு உடல் எடையைப் போலச் சுமார் 3 மடங்கு பாரம் தாங்குகிறது. 60 கிலோ எடை உள்ளவர் என்றால் ஒவ்வோர் அடிக்கும் 180 கிலோ!

அடி எடுத்து வைக்கும் முறை

* சின்னச் சின்ன அடியாக வையுங்கள். எட்டிக் கால் வைத்தால் முழங்காலுக்கு அடி அதிகம்.

* முழங்காலை விறைப்பாக வைக்காமல், லேசாக மடக்கியே இருங்கள்.

* பயத்தில் உடம்பு பின்னால் சாயப் பார்க்கும். அப்படிச் சாய்ந்தால்தான் கால் முன்னால் வழுக்கும்! உடம்பின் பாரம் பாதத்துக்கு நேர் மேலே இருக்கட்டும்.

* காலடியையே பார்க்காதீர்கள். இரண்டு மூன்று அடி தள்ளிப் பார்த்து, அடுத்து எங்கே மிதிப்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள். சருகு மூடிய இடம், பாசி, ஆடும் கல் - மூன்றையும் தவிருங்கள்.

* சரிவு அதிகமானால் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு காலாக இறக்குங்கள்.

* மூங்கில் கம்பு கட்டாயம். முதலில் கம்பு கீழே ஊன்றட்டும். பிறகே கால் இறங்கட்டும்.

ஏணியிலும் கடப்பாறைப் படியிலும் முகம் பாறையைப் பார்த்தபடிதான் இறங்க வேண்டும். இரு கை, இரு கால் என்ற நான்கில் மூன்று எப்போதும் பிடிப்பில் இருக்கட்டும்; ஒன்று மட்டுமே நகரட்டும். கையில் பை, தண்ணீர் பாட்டில், செல்போன் வேண்டாம்; எல்லாம் முதுகுப் பையில். மேலே ஏறி வருகிறவர்களுக்கு ஒதுங்கி வழி விடுங்கள். கல்லைத் தட்டிவிட்டால், 'கல்லு வருது!' என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

உடன் வரும் பிள்ளைகள் குதித்துக் குதித்து ஓடுவார்கள். மலையில் ஓடிப் பழகியவர்கள்கூடத் தாவுவதில்லை. மிகச் சிறிய அடிகளை வேகமாக வைத்து, எந்த நொடியும் நிற்க முடிகிற வேகத்தில்தான் இறங்குவார்கள். நிற்க முடியாத வேகம் ஆபத்தான வேகம் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரு மண்டலப் பயிற்சி

விரதம் போல இதையும் 48 நாட்களுக்கு முன்பே தொடங்குங்கள். வீட்டு மாடிப்படியோ, அபார்ட்மென்ட் படியோ போதும். முதல் வாரம் தினமும் 5 நிமிடம் நிதானமாக ஏறி இறங்குங்கள். வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். இறங்குவதில்தான் கவனம் இருக்க வேண்டும். ஒருமுறை இறங்கிப் பழகிய தசை, அடுத்த முறை அவ்வளவு நோகாது. பயணத்துக்கு முன் கால் நகத்தை வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் விரல்கள் ஷூவின் முனையில் இடிக்கும். நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னால் சரியாது. புடவையை விடச் சுடிதார் வசதி.

முழங்கால் தேய்மானம், இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே கிளம்புங்கள். முடியாது என்றால் வருத்தம் எதற்கு? அடிவாரத்தில் பச்சையம்மன் காத்திருக்கிறாள். அங்கிருந்தே மலையை நோக்கிக் கும்பிட்டாலும் மல்லிகார்ஜுனருக்குத் தெரியாமலா போகும்!

மழை அறிகுறி தெரிந்தால் பயணத்தைத் தள்ளி வையுங்கள். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீர்க் காட்டாற்று வெள்ளம் பக்தர்கள் சிலரின் உயிரைப் பறித்ததை மறந்துவிட முடியாது. ஓடையில் தண்ணீர் ஏறினால், இறங்கிக் கடக்காமல் மேடான இடத்தில் காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

தோழிகளே, மேலே போகும்போது மூச்சுக்கு மூச்சு 'நமசிவாய' சொல்கிறோம். இறங்கும்போதோ ஊர்க்கதை! இனி இறங்கும்போதும் அடிக்கு ஒரு நாமம் சொல்லிப் பாருங்கள். மனம் காலடியில் நிற்கும். கால் தானாக நிதானப்படும். கொண்டுவந்த விபூதியை வீட்டில் எல்லோர் நெற்றியிலும் நம் கையாலேயே இட்டால்தானே யாத்திரை பூர்த்தியாகும்?