புகாரை அன்றே எழுத்தாக்குங்கள்

பாலியல் தொல்லை பற்றி ஒரு பெண் ஊழியர் சொன்னால், 'பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்று ஆறப்போடுவதே மனிதவள அதிகாரி செய்யக்கூடிய பெரிய தவறு. இந்தியாவின் 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி, சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மட்டுமே புகாரை விசாரிக்கும் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். ஆறுதல் பேச்சில் கரையும் ஒவ்வொரு வாரமும் அந்தப் பெண்ணின் அவகாசத்திலிருந்தே கழிகிறது. ஆகவே சொன்ன அன்றே தேதியுடன் குறித்துக்கொண்டு, 10 பேருக்குக் குறையாத நிறுவனங்களில் இருக்க வேண்டிய உள்ளகப் புகார்க் குழுவுக்கு அவர் எழுத உதவுங்கள். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும்.

'எழுதினால் விஷயம் பெரிதாகும், சமரசத்துக்கு வழியிருக்காது' என்பார்கள். சமரசத்தைச் சட்டமே அனுமதிக்கிறது. ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் பாதிக்கப்பட்டவர், நிர்வாகம் அல்ல. பணம் கொடுத்தும் முடிக்கக் கூடாது. 'பெயர் கெட்டுவிடும்' என்ற அச்சத்துக்கும் பதில் உண்டு: இரு தரப்பின் அடையாளத்தையும் விசாரணை விவரங்களையும் வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது. ஆனால் விசாரிக்கும் குழுவுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதால், 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். 'விசாரிப்பவர்களைத் தாண்டிப் போகாது' என்பதே காப்பாற்றக்கூடிய வாக்கு.