நியாயக் கல்வியின் வரவும் செலவும்

ஆண்டுதோறும் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்ததும் எம்மிடம் வந்து வினவும் பெற்றோர் பலர். “மகனைச் சட்டம் படிக்க விடலாமா?” என்பது பழைய வினா. “குற்றவியலும் குற்றவியல் நீதியும் என்றொரு பட்டம் உண்டாமே, அதனாற் பயனுண்டா?” என்பது புதியது. பட்டங்கள் இரண்டும் ஒன்றெனவே பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையானது, அதனால் நட்டமடைவோர் மாணவரே.

குற்றவியற் பட்டத்தை முதலில் நோக்குவோம். நம் நாட்டில் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் இது கற்பிக்கப்படுகின்றது. தமிழ்நாட்டிலே சென்னையிலும் திருநெல்வேலியிலும் இதற்கெனத் துறைகள் உள. குற்றம் ஏன் நிகழ்கின்றது, தண்டனை என்ன செய்கின்றது, சிறையினின்று மீண்டவன் எவ்வாறு வாழ்கின்றான் என்பவற்றை ஆராயும் சிறந்த கல்வி அது. ஆயினும் அப்பட்டம் பெற்றவர் அதனைக்கொண்டு நீதிமன்றத்தில் ஒருவருக்காகத் தோன்றி வழக்குரைத்தல் இயலாது. பொலிஸ் கொஸ்தாபல் பதவிக்கு வேண்டப்படுவது பள்ளிப் பரீட்சைச் சித்தியும் உடற்றகுதியுமேயன்றி இப்பட்டமன்று. சிறைச்சாலை, நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு ஆகிய திணைக்களங்களில் இவ்வறிவு பெரிதும் பயன்படும். ஆனால் அங்குள்ள இடங்கள் சிலவே. எஞ்சியோர் ஏனைய கலைப் பட்டதாரிகளோடு ஒரே வரிசையில் நின்று, அரசு பட்டதாரிகளைச் சேர்த்துக்கொள்ளும் காலத்தை எதிர்நோக்கியிருப்பர். அவ்வாறு பெறும் நியமனத்தில், எப்பாடத்திற் பட்டம் பெற்றாலும் சம்பளம் ஒன்றே. ஆகவே பாடத்தின்மேல் உண்மையான பற்றுடையவர் கற்கலாம். ஊதியத்தை மட்டும் கருதியவர் வேறு வழி பார்த்தலே நன்று.

இனிச் சட்டக் கல்வி. நம் பாட்டனார் காலத்தில் பிரக்கிராசி என்றும் அப்புக்காத்து என்றும் இரு வகுப்பினர் இருந்தனர். 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கிற்று. இன்று யாவரும் சட்டத்தரணிகளே. 1874ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கொழும்புச் சட்டக் கல்லூரியில் நுழைவுப் பரீட்சை எழுதிச் சேர்தல் ஒரு வழி. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களிற் சட்டப் பட்டம் பெறுதல் மற்றொரு வழி. பட்டதாரியும் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளிற் சித்தியெய்தி, மூத்த சட்டத்தரணி ஒருவரின்கீழ்ப் பயின்ற பின்னரே உயர் நீதிமன்றத்திற் சத்தியப்பிரமாணஞ் செய்தல் கூடும்.

செலவைக் கணக்கிடும் தந்தையர் கட்டணத்தை மட்டுமே கூட்டுகின்றனர். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில், கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டத்தின் பயனாக, கற்பித்தற் கட்டணமே இல்லை. தகுதியுடையார்க்கு மகாபொல உதவியுமுண்டு. உண்மைச் செலவு காலமே. பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருத்தல், பட்டத்திற்கு நான்கு ஆண்டு, பின்னர்ப் பரீட்சையும் பயிற்சியும் எனக் கூட்டினால் ஆறேழு ஆண்டுகள் கழியும். உடன் படித்த ஒருவன் இதற்கிடையில் மாதம் 40,000 ரூபா உழைக்கின்றான் என்று கொள்வோம். ஆறு ஆண்டில் அவன் உழைப்பது 28 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. சட்டம் படிப்பவன் வீட்டார் இழக்கும் தொகை அதுவே. அதன்மேல் அறை வாடகையும் உணவுச் செலவும் உண்டு. உத்தியோகம் பார்த்துக்கொண்டே திறந்த பல்கலைக்கழகத்திற் சட்டம் பயில்வோர் கட்டணம் செலுத்தினும், இவ்விழப்பினின்று தப்புகின்றனர். இவ்வழியை நம்மவர் ஏனோ தாழ்வாகக் கருதுகின்றனர்.

வருவாயோ ஒரே சீரானதன்று. அரச சட்டவாதிக்கும் நீதவானுக்கும் மாதச் சம்பளமுண்டு. தனித்தொழில் செய்பவர்க்குத் தவணைதோறும் கிடைப்பதே ஊதியம். குற்ற வழக்கிற் சிக்குவோர் பெரும்பாலும் ஏழைகள். மறியலில் இருக்கும் மகனுக்காகக் காப்பை அடகுவைத்து வரும் தாயிடம் எவ்வளவு கேட்பது? குடாநாட்டிலே நிலையான வருவாய் தருவது காணி அலுவலே. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை இன்றும் நடைமுறையிலுள்ளது. சீதனமும் முதுசமும் தேடியதேட்டமும் எவையெனப் பிரித்தறிந்து, பங்காளியின் முற்கொள்வனவு உரிமையையும் ஆராய்ந்து உறுதி முடிக்க வல்லவர் வீட்டு வாசலில் என்றும் ஆள் நிற்கும். குற்ற வழக்கையே நாடும் இளைஞரும் முதல் ஐந்தாண்டுகளுக்கு நொத்தாரிசுத் தொழிலையும் துணையாகக் கொள்வது அறிவுடைமை.

மொழியையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். வடக்கிலே நீதிமன்ற மொழி தமிழ். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்திலேயே நடத்துவதற்கான ஒழுங்குவிதியைப் பாராளுமன்றம் 2023இல் நிராகரித்தது. எனினும் மேன்முறையீட்டுத் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள. அவற்றை வாசித்துப் பொருள்கொள்ள மாட்டாதவர் கீழ் நீதிமன்றத்தோடே நின்றுவிடுவர். ஆங்கிலத்தைப் பள்ளியிலேயே கற்றால் செலவு சிறிது. பின்னர்க் கற்பது பெருஞ்செலவு.

வசதியற்ற வீட்டுப் பிள்ளை பெரும்பாலும் பட்டத்தைப் பெற்றுவிடுகின்றான். அவன் தளர்வது சத்தியப்பிரமாணத்திற்குப் பிந்திய இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே. மூத்தவரின் கோவைகளைச் சுமந்து நீதிமன்றத்துக்குச் செல்பவனுக்குப் பேருந்துக் கட்டணமும் சில இடங்களிற் கிடைப்பதில்லை. தொழிலில் உயர்ந்து நிற்கும் எமது பழைய மாணவர்கள், தம்மிடம் பயில வரும் கல்லூரித் தம்பியர்க்கு மாதந்தோறும் ஒரு சிறு படி வழங்குவார்களாயின், நாம் மேலே கூட்டிய கணக்கில் ஒரு வரியேனும் மாறும்.