நாணமும் நலமும்

பெண் பருவமெய்துதலைப் பண்டைத் தமிழர் 'பூப்பு' என்றனர். தொல்காப்பியத்திலேயே இச்சொல் வந்துள்ளது. கொடி பூத்தாற் போல்வதோர் இயற்கை நிகழ்ச்சி என்பதே இப்பெயரின் குறிப்பு. முதன்முறை பூப்பெய்திய பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டி, மாமன் சீர் கொணர, ஊரார்க்கு விருந்திடுவர். ஆயின், அடுத்த திங்களில் அதே நிகழ்ச்சி 'தூரம்' ஆகிவிடுகின்றது. பல வீடுகளில் ஒரு மூலையும் தனிப் பாயுமே அவளுக்கு உரியனவாகின்றன. ஊரறியக் கொண்டாடியதை உடனே மறைக்க முற்படுவது விந்தையே!

இம்மறைப்பினால் விளையும் கேடு சிறிதன்று. பழந்துணியை மடித்துப் பயன்படுத்துவது தவறன்று. சவுக்காரமிட்டு அலசி வெயிலில் நன்கு உலர்த்தின் அது தூயதே. பிறர் கண்ணிற் படலாகாதென்று இருண்ட மூலையில் ஈரம் போகாமல் இட்டுவைப்பதே நோய்க்கு இடமாகின்றது. அன்றியும், ஆடையிற் கறை படியுமோ என்னும் அச்சத்தால் அந்நாட்களிற் பள்ளிக்கு வாராத சிறுமியர் பலர். திங்கள்தோறும் மூன்று நாட் பாடம் தவறின், கணக்கில் பின்தங்குதல் இயல்பன்றோ?

இக்குறையை நீக்கக் கருதிய தமிழக அரசு, 2012ஆம் ஆண்டில் 'புதுயுகம்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. 10 முதல் 19 வயது வரையுள்ள நாட்டுப்புறப் பெண்களுக்கு விலையின்றி நாப்கின் வழங்குவது அதன் நோக்கம். பின்னர் அது நகர்ப்புறத்துக்கும் விரிவுபடுத்தப்பெற்றது. பயில்வோர் பள்ளியிலேயே பெறுவர்; ஏனையோர்க்குக் கிராமச் சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் கொடுத்துதவுவர். இரு திங்களுக்கு 3 பொதிகள், பொதிக்கு 6 என வகுத்தனர். திங்களுக்கு 9 ஆகின்றது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுதல் நலம் என்பர் மருத்துவர். அவ்வாறாயின் இத்தொகை பலர்க்குப் போதாது. ஆயினும், கடையில் நாணிக் கேட்டுத் தாளிற் சுற்றி வாங்கிய ஒன்றை ஆசிரியையின் கையிலிருந்து பெறுவது பெரியதொரு மாற்றமேயாகும்.

நாப்கின் இருந்தும், கழிப்பறையில் நீரும் கதவுக்குத் தாழும் இல்லையேல் மாணவி அதனை மாற்றுவது எங்ஙனம்? பயன்படுத்தியதைத் தாளிற் பொதிந்து மூடியுள்ள தொட்டியில் இடுதல் வேண்டும். கடைகளிற் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவற்றில் எளிதில் மட்காத பிளாஸ்டிக் உண்டு. கழிப்பறையில் எறிந்தால் குழாய் அடைபட்டு, மறுநாள் அவ்வறையே ஒருவருக்கும் உதவாது போம். இதற்கெனச் சில பள்ளிகளில் எரிக்கும் பொறிகளும் அமைக்கப்பெற்றுள்ளன.