விளம்பரத் தொழிலுக்கு வரும் புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்குப் பத்து அறிவுரைகள்

தம்பிகளே, தங்கச்சிகளே, கையில் ஒரு செல்போனும் மனசு நிறைய யோசனையுமாக இந்தத் தொழிலுக்கு வருகிறீர்கள். கடைகளின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைக் கவனிப்பது, ரீல்ஸ் எடுத்துக் கொடுப்பது, யூடியூப் சேனல் நடத்துவது எல்லாம் அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும்கூட இன்று பிழைப்பாகிவிட்டது. சென்னைக்குப் போனால்தான் கற்க முடியும் என்று மனம் தளர வேண்டாம். இதற்கு வேண்டிய நல்ல பாடங்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் பொருளைப் பாருங்கள். நம் மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்துப் பிள்ளைகள் 2018இல் யூடியூபில் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' தொடங்கினார்கள். தாத்தா பெரியதம்பி சமையல் வேலையில் பழுத்தவர். பேரன்கள் அவர் சொல்படி சமைத்தார்கள். 2021 ஜூலையில் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல் அதுதான். கேமரா வருவதற்கு முன்பே கைப்பக்குவம் அங்கே இருந்தது. ஒரு கடைக்காரர் உங்களைத் தேடி வந்தால், கூலி பேசுவதற்கு முன் அவர் பொருளை வீட்டுக்கு வாங்கிப்போய்ப் பயன்படுத்திப் பாருங்கள். குறை இருந்தால் அவரிடமே சொல்லுங்கள். திருத்தினால் வேலையை எடுங்கள். திருத்த மாட்டேன் என்றால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

2. ஊரை மறைக்காதீர்கள். அந்தச் சேனலில் ஸ்டூடியோ கிடையாது. வயல்காடு, அம்மி, விறகடுப்பு, காற்றுச் சத்தம் அவ்வளவுதான். ஒவ்வொரு பொருளையும் பெயர் சொல்லிக் கூவிக்கொண்டே போடுவார்கள். தமிழ் தெரியாதவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். ராகுல் காந்தி 2021 ஜனவரியில் அவர்களோடு உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். 2022இல் 'விக்ரம்' படத்தில் அவர்களாகவே வந்துபோனார்கள். ஆதனக்கோட்டை முந்திரிக்கு விளம்பரம் செய்ய நேர்ந்தால், வெள்ளைப் பின்னணியில் ஒரு கிண்ணத்தை வைத்துப் படம் எடுக்காதீர்கள். தஞ்சாவூர்ச் சாலையோரம் கொட்டையை வறுக்கும் புகையையும், ஓட்டை உடைத்துப் பருப்பெடுக்கும் பெண்களின் கையையும் காட்டுங்கள். இந்த முந்திரிக்கு ஏன் இந்த விலை என்பது பார்ப்பவருக்கு அதிலேயே புரிந்துவிடும்.

3. ஜனங்களே பேசட்டும். நம் மாவட்டம் கண்ட மிகப் பெரிய பிரசாரம் அறிவொளி இயக்கம். 1991இல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது எழுத்தறிவு இயக்கமாகத் தொடங்கி, பெண்கள் சைக்கிள் ஓட்டும் இயக்கமாகவும் வளர்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் பழகினார்கள். குவாரியில் கல் உடைத்தவர்கள், வயலில் கூலி வேலை பார்த்தவர்கள், கிராமத்து நர்ஸுகள் எல்லாரும் அதில் இருந்தார்கள். பாட்டும் தெருநாடகமும் ஊர் ஊராகப் போயின. ஆனாலும், பக்கத்து வீட்டு அக்கா சைக்கிளில் போவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த பெண்ணுக்குத் துணிச்சல் வந்தது. உங்கள் விளம்பரத்திலும் பொருளை வாங்கிப் பயன்படுத்தியவரைப் பேசவிடுங்கள். அவர் அனுமதியோடு, அவர் பேச்சுவழக்கிலேயே பதிவு செய்யுங்கள். வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள்.

4. பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் நிறைய இருக்கிறார்கள். பண்டிகைக்கு வீட்டுக்குத் துணிமணி, பலகாரம் வாங்கித்தரப் பணம் அனுப்புகிறவர்கள் அவர்கள். இங்கே இரவு ஏழரை மணி என்றால் துபாயில் ஆறு, சிங்கப்பூரில் பத்து. அந்த நேரத்தில் விளம்பரத்தைப் போட்டால் மூன்று ஊரிலும் கண்ணில் படும். அதுவே பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் டிபன் கடை என்றால், விளம்பரம் போகும் எல்லையைச் சில கிலோமீட்டருக்குள் குறுக்கிக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர்க்காரர் பார்ப்பதற்குக் கடைக்காரர் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

5. பழையதைப் படியுங்கள். திருக்கோகர்ணத்தில் ஞானாலயா இருக்கிறது. கிருஷ்ணமூர்த்தி – டோரதி தம்பதி வாழ்நாளெல்லாம் சேர்த்த நூலகம். அங்கே பழைய பத்திரிகைகளைப் புரட்டும்போது விளம்பரப் பக்கங்களில் நின்று பாருங்கள். சின்னக் கட்டத்துக்குள் நாலு வரியில் எதைச் சொன்னார்கள், எதை விட்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முப்பது விநாடி ரீல்ஸுக்கும் அந்தச் சிக்கனம்தான் வேண்டும்.

6. காசு வாங்கினால் வாங்கினேன் என்று சொல்லுங்கள். இதை மட்டும் எந்தக் காலத்திலும் மறக்காதீர்கள். பணமாகவோ, இலவசப் பொருளாகவோ, ஓட்டல் அறையாகவோ எது வாங்கியிருந்தாலும், இது விளம்பரம் என்று பளிச்சென்று தெரியும்படி காட்ட வேண்டும் என்கிறது நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி. வீடியோ தமிழில் என்றால் அறிவிப்பும் தமிழில் இருக்க வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. பரிந்துரை செய்தவரை ஓராண்டு வரைக்கும், மறுபடி தவறினால் மூன்றாண்டு வரைக்கும் விளம்பரம் செய்யவிடாமல் தடுக்கலாம். சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. உங்களை நம்பி ஒரு தாய் தன் குழந்தைக்குச் சத்துமாவு வாங்குகிறாள். அந்த நம்பிக்கைதான் உங்கள் முதல். அது போய்விட்டால் எந்த வங்கியும் அதற்குக் கடன் தராது.

7. தொழில்நுட்பத்தை வேலைக்கு வையுங்கள், பொய்க்கு வைக்காதீர்கள். கூகுள் மேப்பில் கடையைச் சரியான இடத்தில் பதிவது, வாட்ஸ்அப் பிசினஸில் விலையோடு பொருள்களை அடுக்குவது, யுபிஐ குறியீட்டைக் கண்ணில் படும்படி வைப்பது எல்லாம் உண்மையான உதவி. செயற்கை நுண்ணறிவில் தமிழ் எழுத்துப்பிழை பார்க்கலாம், வரியை மாற்றிப் பார்க்கலாம். கடை அடுப்பில் வேகாத பிரியாணியைக் கணினியில் வரைந்து காட்டுவதும், சொந்தக்காரர்களை வைத்து ஐந்து நட்சத்திரம் போடுவதும் மோசடி. அந்த வேலைக்கு யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

8. கேட்டவருக்குப் பதில் சொல்லுங்கள், அவர் மொழியில் சொல்லுங்கள். 2021 அக்டோபரில், பணத்தைத் திரும்பக் கேட்ட தமிழ் வாடிக்கையாளரிடம் எல்லாருக்கும் கொஞ்சமாவது இந்தி தெரிந்திருக்க வேண்டும் என்று சொமேட்டோ சேவை ஊழியர் ஒருவர் எழுதிவிட்டார். அந்த உரையாடல் ஒரே நாளில் நாடெங்கும் பரவ, நிறுவனம் தமிழிலேயே மன்னிப்புக் கேட்டது. பல மாதம் கட்டிய நல்ல பெயரை ஒரு பதில் உடைத்துவிடும். குறை சொல்பவரின் கமென்ட்டை அழிக்காதீர்கள். கடைக்காரரிடம் கேட்டு, சரிசெய்து, செய்ததை அதே இடத்தில் எழுதுங்கள்.

9. ஒரே தளத்தை நம்பி இருக்காதீர்கள். 2020 ஜூன் 29 இரவு டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. லட்சக்கணக்கில் பார்வையாளர்கள் வைத்திருந்தவர்கள் விடிந்தபோது வெறுங்கையோடு நின்றார்கள். யூடியூபும் இன்ஸ்டாகிராமும் வாடகை வீடு. காலி செய் என்று எந்த நாளும் சொல்லலாம். வாடிக்கையாளரின் அனுமதியோடு அவர் எண்ணைக் கடையின் பதிவேட்டில் எழுதி வையுங்கள். எடுத்த வீடியோக்களுக்குத் தனிப்பிரதி வையுங்கள். கடை வாசலில் நல்ல பெயர்ப்பலகையும் இருக்கட்டும்.

10. முதல் வேலையை உங்கள் ஊரிலேயே தேடுங்கள். வில்லேஜ் குக்கிங் சேனல்காரர்கள் சமைத்ததை முதியோருக்கும் பிள்ளைகளுக்கும் கொண்டுபோய்ப் பரிமாறினார்கள். ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்ட சமயம், முதலமைச்சரின் நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். கிடைத்ததில் ஒரு பங்கை ஊருக்குத் திருப்புவதை அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். கீரமங்கலத்தில் பூ கட்டுகிறவர்களும், வடகாட்டில் பலா விளைவிக்கிறவர்களும், அய்யனார் கோயிலுக்கு மண்குதிரை செய்யும் வேளார்களும் அருமையான வேலைக்காரர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேரோடு சாய்த்த தோப்புகளை மறுபடி எழுப்புகிறவர்களும் அவர்களிடையே உண்டு. பொருள் அவர்களிடம் இருக்கிறது. எடுத்துச்சொல்லும் ஆள் இல்லை. அவர்களில் ஒருவருக்கு ஒரு மாதம் வேலை பார்த்துக் கொடுங்கள். மாதக் கடைசியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணாமல், எத்தனை கிலோ விற்றது, எத்தனை பேர் திரும்பி வந்து வாங்கினார்கள் என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் கணக்கை வைத்து அடுத்த வேலைக்குப் போங்கள்.