ஃபிரிட்ஜின் பின்னே கசியும் நீர்

கதவிலேயே குளிர்நீரும் பனிக்கட்டியும் தரும் ஃபிரிட்ஜ்கள் இன்று பெங்களூரின் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் உள்ளன. அவற்றின் பின்புறம் கால் அங்குல பிளாஸ்டிக் குழாய் ஒன்று நீரைக் கொண்டுவருகிறது. அங்கே தரை நனைந்திருந்தால் உடனே ஸ்பேனரைத் தேட வேண்டாம். நீர் தெரியும் இடம் வேறு, புறப்படும் இடம் வேறு. ரயில்வே பணிமனையில் நாங்கள் கற்ற முதல் பாடம் இது.

முதற்கண் மின் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். ஈரத்தரையில் நின்று கம்ப்ரசர் பக்கம் கை வைப்பது உயிருக்கு ஆபத்து. தரையைத் துடைத்தபின், சுவரிலுள்ள வால்வை மூடுங்கள். மீண்டும் மின் இணைப்புக் கொடுத்து, கதவிலுள்ள நீர் நிற்கும்வரை பிடித்துவிடுங்கள். குழாயில் தங்கிய அழுத்தம் இறங்கிவிடும். பின்புறம் பழைய செய்தித்தாளை விரித்து ஓர் இரவு விட்டுவையுங்கள்.

காலையில் தாள் நனைந்திருந்தால் குற்றம் குழாயில் இல்லை. உறைபனி உருகி வடியும் துளை அடைபட்டிருக்கலாம். கொத்தமல்லித் தழைத் துணுக்கே அதற்குப் போதும். ஊசியில்லாத சிரிஞ்சால் வெதுவெதுப்பான நீரைச் செலுத்தினால் அடைப்பு நீங்கும். கம்பியால் குத்தலாகாது. அடித்தட்டு விரிசல் கண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். குழாய் இணைப்பு இல்லாத ஃபிரிட்ஜுக்கும் இது பொருந்தும்.

தாள் காய்ந்திருந்தால் குழாயையே சோதிக்க வேண்டும். வால்வைத் திறந்து, இணைப்பு ஒவ்வொன்றையும் உலர்ந்த காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குழாய் முனையில் கீறல் விழுந்திருக்கும். பிளக்கைக் கழற்றி, வால்வை மூடி, இணைப்பின் வளையத்தைச் சமமாக அழுத்திக்கொண்டு குழாயை உருவுங்கள். பழுதான முனையைக் கூரிய பிளேடால் நேராக வெட்டி, முட்டும்வரை உள்ளே தள்ளுங்கள். இலேசாக இழுத்தால் வரக்கூடாது. இவ்வகை இணைப்புக்கு டெஃப்லான் டேப் தேவையில்லை. அது மரையுள்ள இணைப்புக்கு உரியது. குழாயே மொரமொரத்துப் போயிருந்தால் ஒட்டுப் போடாமல், குடிநீருக்கு உகந்த புதுக்குழாயை முழுநீளத்துக்கும் மாற்றுங்கள். ஃபிரிட்ஜுக்குள்ளிருக்கும் மின்வால்வு கசிந்தால் மெக்கானிக்கை அழைப்பதே முறை.

கசிவு இரவில் கூடுவது ஏன்? 10 மீட்டர் உயர நீர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் தரும். மாடித் தொட்டிக்கு 30 மீட்டர் கீழேயுள்ள வீட்டில் இது 3 கிலோ. இரவில் யாரும் நீர் பிடிக்காதபோது அழுத்தம் முழுவதும் இணைப்புகளின்மேல் நிற்கிறது. கீழ்த்தள வீடுகளில் அழுத்தம் குறைக்கும் வால்வு பொருத்துவது நல்லது.

நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லி என்று கொண்டாலும் 4 லிட்டருக்கு மேல். நம் நகருக்குக் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றப்பட்டு வருகிறது. 2024 கோடையில் குடிநீரால் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாதம் ஒருமுறை ஃபிரிட்ஜின் பின்னே டார்ச் அடித்துப் பாருங்கள்.