நரிக்குப் பொறுமை உண்டு, நமக்கு?

 

"நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி" என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் காட்டில் அது மேலே விழுந்து பிடுங்கியே விட்டது. அதில் நான் கற்ற பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஊருக்கு வெளியே, கடலைக் காட்டை ஒட்டி இருக்கிறது. அப்பாயி 14 நாட்டுக்கோழி வளர்த்தாங்க. முட்டை விற்ற காசில்தான் எனக்கு நோட்டு, பேனா, சைக்கிள் டியூப் எல்லாம். போன கார்த்திகை மாசம் ஒரே வாரத்தில் 5 கோழி போச்சு. காலையில் பார்த்தால் இறகு மட்டும் கிடக்கும். கோபத்தில் ஒருத்தர் கறியில் விஷம் கலந்து வரப்பில் வைத்து விட்டார். யார் என்று எழுத மாட்டேன். நரி அதைத் தொடவே இல்லை. எங்கள் நாய் மணி தின்று விட்டது. விடிவதற்குள் செத்துப் போச்சு. நாலாம் நாள் நரி திரும்ப வந்தது. அதைப் பார்த்துக் குரைக்க மணி இல்லை.

நரியைப் பற்றிக் கொஞ்சம்

நம் பக்கம் நாம் அதிகம் பார்ப்பது குள்ளநரி. நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தி நேரத்திலும் ராத்திரியிலும் விடியற்காலையிலும் இரை தேடும். கோழி மட்டும் தின்னும் என்று நினைக்காதீர்கள். எலி, பூச்சி, இலந்தைப் பழம், செத்த விலங்கு எல்லாம் தின்னும். நம் வயலில் எலியைக் குறைக்கிற வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறது.

விஷம் வைத்தால் என்ன ஆகும்? நாய், மயில், பருந்து எல்லாம் சாகும். நரியே செத்தாலும், அங்கே இரை இருக்கிற வரைக்கும் வேறு நரி வந்து சேரும். அதோடு இது சட்டப்படி குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நரிக்கும் உண்டு. 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோது குள்ளநரியை முதல் அட்டவணையிலேயே சேர்த்து விட்டார்கள்.

அப்படியானால் கோழியை எப்படித்தான் காப்பாற்றுவது? எங்கள் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவங்க ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னாங்க.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பாடம்

ஆஸ்திரேலியாவில் முதலில் நரியே கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் வேட்டை விளையாட்டுக்காகச் செந்நிற நரியைக் கொண்டுபோய் விட்டார்கள். அது நாட்டின் பெரும்பகுதியில் பெருகி, ஆட்டுக்குட்டி, கோழி, காட்டுப் பறவை எல்லாவற்றையும் தின்ன ஆரம்பித்தது.

விக்டோரியா மாநிலத்தில் வார்னம்பூல் என்று ஒரு ஊர். அதன் கரையோரம் மிடில் ஐலண்ட் என்ற குட்டித் தீவு. அங்கே சின்னஞ்சிறு பென்குயின்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. கடல் வற்றும் நேரம் பார்த்து நரி நடந்தே தீவுக்குப் போய்விடும். 2005-ல் 10 பென்குயின்கூட மிச்சம் இல்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு கோழிப் பண்ணைக்காரர் மாரெம்மா என்ற இத்தாலி நாட்டு வெள்ளைக் காவல் நாயை வைத்துக் கோழிகளைக் காத்து வந்தார். அந்த நாய் நரியைத் தேடிப் போய்க் கொல்வதில்லை. குரைக்கும், அங்கேயே சுற்றும். 'இங்கே ஆள் இருக்கு' என்று நரிக்குத் தெரிந்தால் போதும். 2006-ல் அதே வகை நாயைத் தீவுக்கும் அனுப்பினார்கள். பென்குயின்கள் மெல்ல மெல்ல நூறைத் தாண்டின.

இனிமேல்தான் முக்கியமான இடம். 2017-ல் கடல் கொந்தளிப்பால் நாய்களைத் தீவுக்குக் கொண்டுபோக முடியவில்லை. அந்த இடைவெளியில் நரி புகுந்து சுமார் 140 பென்குயின்களைக் கொன்று விட்டது. பல வருஷக் காவல், இடையில் ஒரு சின்ன ஓட்டை!

நாங்கள் செய்தது

1. சூரியன் மறையும் முன்பே கோழிகளை எண்ணிக் கூண்டில் அடைத்தோம். தினமும். இது என் வேலை.

2. கூண்டைச் சுற்றி ஒரு அடி ஆழம் பள்ளம் எடுத்துக் கம்பி வலையைப் புதைத்து, மேலே கல் அடுக்கினோம். நரி மண்ணைப் பறித்து உள்ளே வரும்.

3. செத்த குஞ்சு, கறிக் கழிவு எதையும் வெளியே வீசாமல் ஆழமாகப் புதைத்தோம்.

4. பழைய தகர டப்பாவைக் கயிற்றில் கட்டிக் காற்றில் ஆட விட்டோம். நாலைந்து நாளில் நரிக்கு அது பழகி விடும். அதனால் இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தோம்.

5. கூண்டைச் சுற்றிச் சாம்பல் தூவினேன். காலையில் கால்தடம் பார்த்து நோட்டில் குறித்தேன். முதல் வாரம் 5 ராத்திரி வந்திருந்தது. இரண்டாம் வாரமும் 5. "இதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்று அப்பா சொன்னார். அப்பாயிதான், "பொறு, அதுக்கும் பசி இருக்கு. இங்க ஒண்ணும் கிடைக்காதுன்னு அதுவே புரிஞ்சிக்கணும்" என்றாங்க. மூன்றாம் வாரம் 3. ஐந்தாம் வாரம் ஒரே ஒரு தடம்.

அப்புறம் மாரியம்மன் திருவிழா வந்தது. கரகம் பார்க்கிற ஆசையில் கூண்டை அடைக்காமல் ஓடி விட்டேன். திரும்பி வந்தபோது அடைக்கோழியும் சேவலும் இல்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. மறுநாள் சாயங்காலம் முதல் ஆளாகப் போய் அடைத்தேன். இன்று வரைக்கும் ஒரு நாளும் விடவில்லை. இப்போது குஞ்சோடு சேர்த்து 17 இருக்கு.

நண்பர்களே, நரி பலசாலி இல்லை. ஆனால் நாம் மறக்கிற ஒரு நாளுக்காகத் தினமும் வந்து பார்க்கிறது. அது காட்டுகிற பொறுமையை நாமும் காட்டினால் போதும், கொல்லத் தேவையில்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா?

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டுக் கோழிக்கூண்டைச் சுற்றி இன்று ராத்திரி சாம்பல் தூவுங்கள். காலையில் எத்தனை வகைக் கால்தடம் இருக்கிறது என்று வரைந்து வாருங்கள். அடுத்த இதழில் ஒட்டுவோம்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி