கிரீச்சிடும் பிரேக்கும் உராய்வு விசையும்

வண்டி ஓடுவது பெரிதன்று. வேண்டிய இடத்தில் நிற்பதே பெரிது. நிற்கும் வேளையில் சில கார்கள் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறுகின்றன. அந்த அலறலின் காரணத்தையும் அதைப் போக்கும் வழியையும், இயற்பியல் மாணவன் என்ற முறையிலும், விடுமுறை நாள்களில் என் மாமாவின் பட்டறையில் கைவேலை பழகியவன் என்ற முறையிலும் இங்கே எழுத முற்படுகிறேன்.

சத்தம் பிறக்கும் விதம்

இன்றைய கார்களின் முன்சக்கரங்களில் பெரும்பாலும் டிஸ்க் பிரேக்கே உள்ளது. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ள, இரண்டு பேடுகள் இருபுறமும் தட்டைக் கவ்விப் பிடிக்கின்றன. ஓய்வுநிலை உராய்வு இயக்க உராய்வைவிட அதிகம் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். அதனால் பேடு தட்டை ஒரு கணம் பற்றுகிறது, மறுகணம் நழுவுகிறது. இது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை நிகழும்போது பேடும் தட்டும் அதிர்ந்து ஒலிக்கின்றன. வயலின் வில் நாதம் எழுப்புவதும், கரும்பலகையில் சாக்கட்டி கிரீச்சிடுவதும் இதே தத்துவத்தால்தான்.

இது பழைய தொல்லை. 1902ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லாஞ்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவர் வைத்த செம்புப் பட்டைகள் காது பொறுக்காத சத்தம் எழுப்பின. 1907இல் ஹெர்பர்ட் புரூட் ஆஸ்பெஸ்டாஸ் பட்டையைப் பொருத்திச் சத்தத்தைக் குறைத்தார். அந்த ஆஸ்பெஸ்டாஸே நுரையீரலைக் கெடுப்பது என்பது பின்னர் தெரிய வந்தது. ஆகவே பிரேக் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

சத்தத்தின் பொருள்

காலையில் முதல் இரண்டு மூன்று மிதிகளில் மட்டும் கேட்டு மறைவது, ஈரத்தால் தட்டில் படிந்த மெல்லிய துருவின் சத்தம், அஞ்ச வேண்டியதில்லை. நாள் முழுதும் கிரீச்சிட்டால் பிரித்துப் பார்க்க வேண்டும். சில பேடுகளில் தேய்மானத்தை உணர்த்தவே ஒரு சிறு இரும்பு நாக்கு உண்டு. பேடு தேய்ந்ததும் அது தட்டில் உரசிக் குரல் கொடுக்கும். 'கரகர' என்று அரைத்தால் இரும்போடு இரும்பு உரசுகிறது. வண்டியை அதற்குமேல் ஓட்டலாகாது.

செய்யும் முறை

சமதரையில் வண்டியை நிறுத்திப் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். வீல் நட்டுகளைத் தளர்த்திய பிறகே ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு வைத்துச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். காலிப்பரைக் கழற்றியதும் அதைக் கம்பியால் கட்டி மேலே தொங்கவிட வேண்டும். ரப்பர் ஹோசில் தொங்கக் கூடாது. பேடின் கனம் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் இருபக்கச் சக்கரங்களுக்கும் சேர்த்துப் புதிது மாற்ற வேண்டும். கனம் இருந்து, முகம் மட்டும் கண்ணாடிபோல் பளபளத்தால் எமரித் தாளில் இலேசாகத் தேய்க்கலாம். காலிப்பர் நகரும் பின்களைத் துடைத்து, சூடு தாங்கும் பிரேக் கிரீசை மெல்லப் பூச வேண்டும். பேடின் முதுகுத் தகட்டில் காலிப்பர் படும் இடங்களிலும் சிறிது பூசலாம். அதிர்வு அங்கே அடங்கும்.

பட்டறைக்கு வந்த ஒருவர், "என்ன மேஸ்திரி, பேடில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சத்தம் அடங்கிவிடாதா?" என்று கேட்டார்.

"சத்தம் அடங்கும் சார்; வண்டியும் நிற்காது," என்றார் மாமா. அவர் அவசரப்பட்டும் மாமா இசையவில்லை. பின்களைச் சுத்தம் செய்து முடித்த பிறகே வண்டியைக் கொடுத்தார். உராய்வுதான் வண்டியை நிறுத்துகிறது; பேடின் முகத்தில் எண்ணெய் பட்டால் அந்த உராய்வே போய்விடும்.

முடிவாக ஒன்று. புதுப் பேடு மாட்டும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்போம். ஆகவே முதல் மிதியில் பெடல் அடிவரை இறங்கிவிடும். வண்டியை நகர்த்துமுன், பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதித்துவிட வேண்டும். இதை மறந்தால் பட்டறை வாசலிலேயே விபத்து நேரலாம்.

தேர்வில் உராய்வு விசைக்குச் சூத்திரம் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். சாலையைக் கடக்கும் குழந்தையின் உயிரைக் காப்பதும் அதே விசைதான். சத்தத்தை அடக்குவோம், உராய்வைக் கெடுக்காமல் அடக்குவோம்.